மழைக்குப் பிறகும் வருவோம் என்று எழுதி வாங்குங்கள்: ஒரு சூழல் ஆய்வு நிறுவனத்தோடு என் அனுபவம்

களத்துக்கு வந்தவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து போடுவேன். அறிக்கை தயாரித்த அலுவலகத்துக்கு ஒன்றரை, அதுவும் கேட்ட கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொன்னதற்காக. இரண்டும் ஒரே நிறுவனம்தான்; ஆனாலும் சராசரி போட மனம் வரவில்லை. சென்னையில் தலைமை அலுவலகமும் மதுரையில் கிளையும் வைத்திருக்கிற சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம் அது. பெயரைப் போடவில்லை. எங்கள் கோப்பு இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது.

நிலம் குன்றக்குடிக்குத் தெற்கே, காரைக்குடி–திருப்பத்தூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. என் கணவர் வழிப் பங்காளிகளின் பொதுச் சொத்து. பாதிப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பதால் பவர் பத்திரம் என் பேரில். வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் என்பதால், காகிதம் படிக்கிற வேலையும் என் தலையில் விழுந்தது. கிழக்கே பழைய முந்திரித் தோப்பு, நடுவில் தைலமரம், மேற்கே கண்மாயைப் பார்த்துச் சரிகிற செம்மண் பொட்டல், வடமேற்கு மூலையை ஒட்டி ஐயனார் கோயில்காடு. இதில் வயதானவர்களுக்கான குடியிருப்பும் சிறிய விடுதியும் கட்டுவதென்று பங்காளிகள் கூடி முடிவெடுத்தார்கள்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். அங்கிருந்து 1,50,000 சதுர மீட்டருக்குள் என்றால் அட்டவணையில் 8(அ). அதைத் தாண்டினாலோ, நிலம் 50 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்தாலோ 8(ஆ). எங்களுடையது 8(அ). என் கொழுந்தனார் வரைபடத்தைப் பார்த்ததும் ஒரு யோசனை சொன்னார்: விடுதியைத் தனித் திட்டமாகக் காட்டிவிட்டால் இரண்டுமே இருபதாயிரத்துக்குக் கீழே வந்துவிடும், யாரும் கேட்க மாட்டார்கள். இந்த யோசனையைச் சொல்லாத பங்காளி தமிழ்நாட்டிலேயே இருக்க மாட்டார். ஒரே நுழைவாயில், ஒரே ஆழ்குழாய்க் கிணறு, ஒரே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். இதை இரண்டு திட்டம் என்று என்னிடம் யாராவது கடனுக்குக் கொண்டுவந்திருந்தால் கோப்பைத் திருப்பி அனுப்பியிருப்பேன். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

8(அ) பிரிவில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. படிவம் 1, படிவம் 1ஏ, திட்ட வரைவு ஆகியவற்றைப் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான பரிவேஷ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு பார்க்கும். மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவு சொல்லும். 1ஏ படிவத்தில் தாவரங்களுக்கு ஒரு தலைப்பு, விலங்குகளுக்கு ஒரு தலைப்பு உண்டு. விலங்குகள் இடம்பெயர நேருமா, அவை நடமாடும் பாதையில் தடை உண்டாகுமா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் பதில் எழுதுவது நாங்கள் சம்பளம் கொடுத்து அமர்த்திய ஆள். ஊர்க்காரர் யாரும் குழுவின் முன்னால் வந்து இல்லை என்று மறுக்கப்போவதில்லை. அதனால்தான் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பதில் நான் கொஞ்சம் முரண்டு பிடித்தேன்.

தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் ஆலோசனை நிறுவனங்களைச் சோதித்து அங்கீகரிக்கும் நாபெட்டின் அங்கீகாரத்தை எல்லோரும் பெரிதாக அச்சடித்து நீட்டுகிறார்கள். அங்கீகாரம் துறைவாரியாகத்தான் கொடுக்கப்படுகிறது. சுரங்கத்துக்கு அங்கீகாரம் பெற்றவர் கட்டடத்துக்கும் பெற்றவர் என்று பொருள் இல்லை. அதோடு சூழலியலும் பல்லுயிரும் என்ற பிரிவுக்குத் தனி வல்லுநர் இருக்க வேண்டும். அவர் இன்னும் அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டு நிறுவனங்களிடம் கேட்டபோது போனில் சத்தமே இல்லை. பிறகு, அவர்கள் முன்பு தயாரித்த அறிக்கைகளைப் பரிவேஷில் தேடிப் படியுங்கள். 2018இலிருந்து இருக்கிற தளம், எவரும் பார்க்கலாம். ஒரே நிறுவனம் இரண்டு மாவட்டங்களுக்கு எழுதிய பறவைப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், வேறு விசாரணை தேவைப்படாது.

நான் அமர்த்திய நிறுவனத்தின் கட்டணம் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. ஒப்பந்தத்தில் மூன்று தவணை போட்டிருந்தார்கள்: முன்பணம், விண்ணப்பம் ஏற்றும்போது ஒரு பங்கு, அனுமதி கிடைத்ததும் மீதி. அந்தக் கடைசி வரியில்தான் என் கண் நின்றது. அனுமதி வந்தால்தான் காசு என்றால், ஆய்வில் எதையாவது கண்டுபிடிப்பது அவர்களுக்கே நஷ்டம். மதிப்பீடு செய்கிறவருக்குக் கடன் கொடுத்தால்தான் கூலி என்று வங்கியில் சொல்ல முடியுமா? கடைசித் தவணையை, குழு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கொடுத்து முடித்ததும் என்று மாற்றச் சொன்னேன். இதுவரை எந்த வாடிக்கையாளரும் இப்படிக் கேட்டதில்லை என்றார் மேலாளர். மாற்றிக் கொடுத்தார்.

முதல் குழு சித்திரை வெயிலில் வந்தது. காற்றுத் தூசி பிடிக்கும் கருவியையும் இரைச்சல் மானியையும் இளைஞர்கள் இருவர் இறக்கினார்கள். அந்தப் பகுதியைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. கூடவே தாவரம், விலங்கு பார்க்க ஒரு பெண் வந்திருந்தார். முப்பது வயது இருக்கலாம். தேனிப் பக்கம் சொந்த ஊர். இறங்கியதும் ஜெனரேட்டர் எங்கே என்று கேட்காமல், இந்தக் கண்மாய்க்கு மடை திறந்துவிடுகிற நீர்ப்பாய்ச்சி யார் என்று கேட்டார். ஐந்துக்கு ஐந்தில் பாதியை அப்போதே கொடுத்துவிட்டேன்.

நீர்ப்பாய்ச்சி எழுபது வயதைத் தாண்டிய மனிதர். கண்மாயில் ஆயக்கட்டு விவசாயமே அரைகுறையாகிவிட்ட பிறகும் மடைச் சாவி இன்னும் அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. அவரும் அந்தப் பெண்ணும் முன்னால் நடக்க, நான் குடையோடு பின்னால். மேற்குப் பொட்டலில் ஓரிடத்தில் அந்தப் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காய்ந்து கறுத்த முள்குச்சி ஒன்றைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். கணுவுக்குக் கணு முள் வட்டமாக இருந்தது. நீர்முள்ளி. "இது தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் வரும் ஆச்சி. இந்தப் பொட்டலில் வேறெங்கும் இல்லை, இந்த ஒரு கோட்டில் மட்டும் போகிறது பாருங்கள்" என்றார். பார்த்தேன். வெறும் செம்மண் என்று நான் இத்தனை காலமாக நினைத்திருந்த இடத்தில், தைலமரத் தோட்டத்தின் ஓரத்திலிருந்து கண்மாயின் உள்வாய் வரை செத்த நீர்முள்ளியும் கோரையின் அடிக்கட்டையும் வளைந்து வளைந்து போயிருந்தன. நீர்ப்பாய்ச்சி சிரித்தார். "வரத்துக்கால் தாயி. மழை வந்த பிறகு வாருங்கள், இங்கே கால் வைக்க முடியாது."

கண்மாய்க்கு மழைநீரைக் கொண்டுவரும் அந்த வரத்துக்கால் புல வரைபடத்தில் இல்லை. கிராம நிலக் கணக்கான அ பதிவேட்டில் கண்மாய்ப் புறம்போக்கு இருக்கிறது, பட்டா நிலத்துக்குள் ஓடிவரும் தண்ணீருக்குக் கோடு கிடையாது. எங்கள் கட்டடக்கலைஞர் அந்தக் கோட்டின் மேல் ஒரு வரிசை வீடுகளை நிறுத்தியிருந்தார்.

இனி அலுவலகம். ஆடியில் வரைவு அறிக்கை வந்தது, கனமான வழவழப்புத் தாளில். விலங்குகள் பகுதியைத் திறந்தேன். குன்றக்குடிப் பக்கத்து முந்திரித் தோப்பில் நீலகிரிக் கருமந்தி வாழ்கிறதாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அது எந்த பஸ்ஸில் வந்தது என்று தெரியவில்லை. காகத்துக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் எதிரே ஐந்தாம் அட்டவணை என்று போட்டிருந்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அந்தச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணையே இல்லை. பழைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் பாக்சைட் சுரங்கம் ஒன்றுக்கு எழுதிய அறிக்கையில், ரஷ்யாவின் சுரங்கத்தைப் பற்றிய பகுதிகள் அப்படியே இருந்தது முன்பே செய்தியாகிவிட்டது. ரஷ்யாவோடு ஒப்பிட்டால் நீலகிரி பக்கத்து ஊர்தான்.

தைலமரத் தோட்டம் முழுவதையும் 'இப்போதுள்ள பசுமைப் பரப்பு' என்று கணக்கில் சேர்த்திருந்தார்கள். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்தில் எந்த விவசாயியிடம் போய் வேண்டுமானாலும் தைலமரம் பசுமை என்று சொல்லிப் பாருங்கள். மழைநீர் தோட்டத்து வரப்புகளிலேயே தேங்கிவிடுகிறது, கண்மாய்க்கு வருவதில்லை என்று அவர்கள் மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்திருக்கிறார்கள். புதிதாக நட வேண்டிய மரங்களின் பட்டியலில் கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரம் முதலிடத்தில் இருந்தது. பக்கத்துக் கோயில்காட்டில் வீரையும் உலக்கைப்பாலையும் காசானும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கின்றன. நாற்றுக்கு விதை அங்கேயே விழுந்து கிடக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் ஊட்டியது ஒரு வரி. மிக அருகிலுள்ள சரணாலயம் வேட்டங்குடி. அது பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே பறவைகளுக்குப் பாதிப்பு இல்லை. முதல் இரண்டும் சரி. மூன்றாவது எங்கிருந்து வந்தது? வேட்டங்குடி சரணாலயம் 1977இல் அறிவிக்கப்பட்டது, மொத்தம் 38.4 ஹெக்டேர்தான், மூன்று கண்மாய்கள். அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது இந்தப் பக்கம் குழந்தைக்கும் தெரியும். அத்தனை நாரைக்கும் கொக்குக்கும் அரிவாள் மூக்கனுக்கும் அந்த மூன்று கண்மாய் கூடு கட்டவும் அடையவும் இடம் கொடுக்கும். இரை முழுவதையும் கொடுக்க முடியுமா? சுற்றுவட்டாரக் கண்மாய்களிலும் வயல்களிலும் நத்தை பொறுக்கியும் மீன் பிடித்தும்தான் அவை குஞ்சு வளர்க்கின்றன. எங்கள் கண்மாயில் கார்த்திகை, மார்கழியில் நத்தை குத்தி நாரை நிற்பதை நானே வருஷா வருஷம் பார்க்கிறேன். கிலோமீட்டர் கணக்கு என்பது கோப்பு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிற அளவு. பாதிப்பு உண்டா இல்லையா என்பதற்கு அதுவே பதில் ஆகிவிடாது.

நீர்முள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெண்ணிடம் போன் போட்டுக் கேட்டேன். எழுதிக் கொடுத்தேன், படத்தோடு கொடுத்தேன் என்றார். அதற்கு மேல் பேசத் தயங்கினார், நானும் வற்புறுத்தவில்லை. மேலாளரிடம் கேட்டேன். "அது அடுத்த பதிப்பில் வரும் மேடம்" என்றார். நான் அடுத்த பதிப்புக்கு ஒரு நிபந்தனை வைத்தேன்: ஐப்பசி மழைக்குப் பிறகு அதே பெண் மறுபடியும் நிலத்துக்கு வர வேண்டும்.

இதற்கு அவர் சொன்ன மறுப்பை இங்கே பதிவு செய்வது முக்கியம், ஏனென்றால் அவர் பொய் சொல்லவில்லை. அடிப்படைத் தரவுக்கு மழைக்காலம் அல்லாத ஒரு பருவம் போதும் என்பதுதான் இந்தத் துறையின் வழக்கம். தூசியும் புகையும் அளப்பதற்கு அது பொருத்தமும்கூட. மழை பெய்தால் தூசி அடங்கிவிடும், அளவு குறைத்துக் காட்டும். ஆனால் செட்டிநாட்டு மண்ணில் உயிர் வெளியே தலை காட்டுவது வடகிழக்குப் பருவமழையில்தான். பங்குனியிலிருந்து ஆவணி வரை கண்மாய் வெடித்துக் கிடக்கும், ஆடு மேயும். அப்போது வந்து நீர்ப்பறவை இல்லை என்று எழுதுவது, பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறையில் போய் மாணவர் இல்லை என்று எழுதுவது மாதிரி. கோடையும் வீண் இல்லை: சரளைத் தரையில் ஆட்காட்டியின் முட்டைகளை அந்தப் பெண் கண்டது சித்திரையில்தான். இரண்டு பருவமும் வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். கூடுதல் வருகைக்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள், கொடுத்தேன். கொழுந்தனார் சிங்கப்பூரிலிருந்து ஒரு நீண்ட குரல்செய்தி அனுப்பினார். அதை இங்கே எழுத வேண்டாம்.

கார்த்திகையில் வந்தார்கள். முந்தின இரவு நல்ல மழை. நீர்ப்பாய்ச்சி சொன்னபடியே பொட்டலில் கால் வைக்க முடியவில்லை. நீர்முள்ளி இருந்த அதே வளைவில் செந்நிறத் தண்ணீர் கணுக்கால் ஆழத்துக்குக் கண்மாயைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கரைக்கும் இடையே அகலத்தை நாடா பிடித்து அளந்தார்கள், ஜிபிஎஸ் புள்ளி எடுத்தார்கள். முந்திரித் தோப்பின் ஓரத்தில் ஒரு கட்டாமை, நட்சத்திர ஆமை என்பார்களே, அது. ஓட்டின் மேல் மஞ்சள் கதிர்கள் மழையில் கழுவித் துடைத்தாற்போல இருந்தன. கோடையில் எங்கோ புதருக்குள் கிடந்துவிட்டு முதல் மழைகளுக்குத்தான் இது மேயக் கிளம்புமாம். அந்தப் பெண் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. மண்டியிட்டு நான்கு பக்கமும் படம் எடுத்தார். அது எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே மழைக்கோட்டோடு வெகுநேரம் நின்றார். அது தோப்பிலிருந்து கோயில்காட்டுக்குப் போயிற்று. எங்கள் வரைபடத்தில் அந்த இடத்தில் எட்டு அடி மதில்.

மாலையில் கோயில்காட்டுக்குள் நிற்கும்போது இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி கேட்டது. ஆறுமணிக் குருவி என்றார் அந்தப் பெண். மணியைப் பார்த்தேன், ஆறாக ஐந்து நிமிடம். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருகிற பறவை. சித்திரை ஆய்வில் அது சிக்கியிருக்கவே வாய்ப்பு குறைவு.

திருத்திய அறிக்கைக்கு முன்னால் மேலாளரிடமிருந்து மறுபடியும் போன். "ஆமையைப் போட்டால் பாதுகாப்புத் திட்டம் கேட்பார்கள் மேடம், தாமதமாகும்." கேட்கட்டும் என்றேன். நட்சத்திர ஆமை இப்போது வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புள்ள முதல் அட்டவணை உயிரினம், மயிலைப் போல. கள்ளக் கடத்தலுக்காகப் பிடிக்கப்படுவதால் 2019இல் சர்வதேச உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையிலும் முதல் பட்டியலுக்கு ஏற்றியிருக்கிறார்கள். படமும் புள்ளியும் தேதியும் அவர்கள் கணினியிலேயே இருக்கும்போது அதை மறைத்து என் கையெழுத்தைக் கேட்டால், நாளைக்கு அனுமதியே ரத்தானால் மாட்டிக்கொள்வது யார்? பவர் பத்திரம் என் பேரில்தானே இருக்கிறது.

ஆமை அறிக்கையில் ஏறியது. கருமந்தி இறங்கியது. வரத்துக்காலை அதன் முழு அகலத்துக்கும் இரு பக்கம் இடம் விட்டுத் திறந்தே வைப்பது, மேற்கு வரிசை வீடுகளைத் தைலமரம் நிற்கும் இடத்துக்கு மாற்றுவது, கோயில்காட்டுப் பக்கம் மதிலுக்குப் பதிலாக உயிர்வேலி, கண்மாயைப் பார்த்த விளக்குகளைத் தவிர்ப்பது என்று வரைபடம் மாறியது. மூன்று வீடுகள் குறைந்தன. கட்டடக்கலைஞர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த மூன்று வீட்டுக்காரர்களும் வரவேற்பறையில் தண்ணீரை வைத்துக்கொண்டு பிற்காலத்தில் என் மேல் போடாமல் போன வழக்குகளை நினைத்தால் எனக்கு லாபம்தான்.

விண்ணப்பம் ஏற்றியாகிவிட்டது. குழுவிடமிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன: வெள்ளநீர் பற்றி நீர்வளத் துறையின் சான்று, கிராம வரைபடம், நாட்டு மரங்களின் பட்டியல். வரத்துக்காலின் அளவும் படமும் ஏற்கெனவே கையில் இருந்ததால் முதல் கேள்விக்குப் பதில் கொடுப்பது சிரமமாக இல்லை.

மறுபடியும் இவர்களை அமர்த்துவேனா? அமர்த்துவேன், களத்துக்கு யார் வருகிறார் என்பதை ஒப்பந்தத்திலேயே பெயரோடு எழுதி வாங்கிக்கொண்டு. களக் குறிப்புகளின் நகலும் எனக்கு நேராக வர வேண்டும் என்று சேர்ப்பேன். ஒரு பாக்கி மட்டும் இருக்கிறது. ஊராட்சித் தலைவரும் நீர்ப்பாய்ச்சியும் படிக்கிற மாதிரி தமிழில் ஒரு சுருக்கம் கேட்டிருந்தேன். 8(அ)வுக்குச் சட்டப்படி தேவை இல்லை, தனிக் கட்டணம் ஆகும் என்று பதில் வந்திருக்கிறது. கொடுப்பேன். எழுதுவது அந்தத் தேனிப் பெண்ணாக இருந்தால்.